மனைவிக்குப் பெயர் இல்லையா?

2019-இல் பொருளாதார நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும், அபிஜித் பானர்ஜிக்கும் "மனைவிக்கும்" பரிசு என்று நம் நாட்டு ஏடுகள் சில கொட்டை எழுத்தில் போட்டன. நாங்கள் கேட்கிறோம்: மனைவிக்குப் பெயர் இல்லையா?

எஸ்தர் டுஃப்லோ. அப்பரிசு பெற்ற இரண்டாவது பெண், அப்போது வயது 46. ஐதராபாத் சேரிப் பெண்கள் வாங்கிய குழுக்கடனை ஆராய்ந்து, வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை என்று கண்டவர்களில் ஒருவர். வாராவாரம் தவணை கட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு வேண்டிய செய்தி அதுதானே!

தொலைவில் போவானேன்? பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1919-இல் 'ஜன கண மன'வுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் மார்கரெட் கசின்ஸ். 1932-இல் கைதாகி வேலூர்ச் சிறை சென்றவர். செய்திக் குறிப்புகளிலோ, கல்லூரி முதல்வரின் மனைவி என்பதே முன்னால் நிற்கிறது.

சித்தூர், திருப்பதியில் சங்க அழைப்பிதழ் அடிக்கும் தோழர்களே, மேடையேறும் பெண்ணின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதி அச்சுக்குக் கொடுங்கள்.