மகாவலியில் பாஸ் இல்லை

ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் மடல் எழுதியிருக்கிறார். பிறந்தது கட்டுகஸ்தோட்டை, எண்பதுகளில் புலம்பெயர்ந்தவர். கோடை வந்தால் சிம்கோ ஏரியில் படகிலிருந்து பாஸ் மீன் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. எதிர்வரும் ஜனவரியில் மகனையும் அழைத்துக்கொண்டு கண்டிக்கு வரவிருக்கிறாராம். நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். தம்மிடமுள்ள ஜெர்க்பெயிற் இரைகளைக் கொண்டுவரலாமா? மகாவலி கங்கையில் அவை எடுபடுமா? எடுபடுமாயின் எந்தக் கம்பு, எந்த நூல்? நான்காவதைச் சற்று வேடிக்கையாகவே கேட்டிருக்கிறார்: விக்டோரியா நீர்த்தேக்கத்தில் நாலு பாஸ் குஞ்சுகளை விட்டால்தான் என்ன, உல்லாசப் பயணிகளாவது வருவார்களே?

முதல் மூன்றுக்கும் விடை சொல்வது எளிது. நான்காவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

தூண்டிற் பழக்கமில்லாத வாசகர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். ஜெர்க்பெயிற் என்பது விரல் நீளமோ அதனினும் சற்றுக் கூடவோ உள்ள, மெலிந்த மீன் வடிவான பொய்யிரை. பிளாஸ்ரிக்காலோ மரத்தாலோ செய்தது. வாய்க்குக் கீழே கரண்டி போன்ற சிறு தகடொன்று இருக்கும். இழுக்கும்போது அது நீரைக் கிழித்து இரையைக் கீழே கொண்டுபோகும். வயிற்றிலும் வாலுக்கருகிலும் மும்முள் கொளுக்கிகள் தொங்கும். எறிந்தபின் கம்பின் நுனியைக் கீழ்நோக்கிச் சுண்டி, உடனே நூலைத் தளரவிட வேண்டும். நூல் தளர்ந்தால்தான் இரை பக்கவாட்டில் வெட்டித் திரும்பும். பிறகு அப்படியே நிறுத்திவிட வேண்டும். அடிபட்ட சிறு மீனொன்று துடித்து ஓய்வதாக ஒரு நாடகம். கௌவல் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் நிகழும். புதியவர்கள் ஓயாமல் சுண்டிக்கொண்டே இருப்பார்கள். மீனுக்கு வாய் திறக்க அவகாசம் தரமாட்டார்கள்.

இவ்விரையின் மூதாதை பின்லாந்தில் பிறந்தது. லௌரி ரப்பாலா என்ற மீனவர் 1936 இல் தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிவந்த பளபளப்புத் தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசித் தம் இரையைச் செய்தார். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘லைஃப்’ சஞ்சிகை அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. மரிலின் மன்றோ இறந்ததையொட்டி அவர் படத்தை அட்டையில் தாங்கிவந்த இதழ் அது. இதழ் விற்றுத் தீர்ந்தது, இரையும் விற்றது. (உள்ளே நாம் எழுதுவது எதுவாயினும் அட்டையில் இருப்பவரே விதியைத் தீர்மானிக்கிறார் என்பது என் தொழிலில் பழைய செய்தி.)

இனி வாசகரின் பெட்டிக்கு வருவோம். அவருடைய இரைகள் குளிர்நீருக்காக ஆக்கப்பட்டவை. வட அமெரிக்காவில் ஜெர்க்பெயிற்றுக்குப் பேர்போன காலம் பனி உருகும் பருவம். நீர் பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே நிற்கையில் பாஸ் மந்தமாகிவிடும், எதையும் துரத்தாது. மிதக்காமலும் அமிழாமலும் நடுநீரில் அசையாது நிற்கும் இரையையே அது நெடுநேரம் பார்த்திருந்து எடுக்கும். ஆகவே அங்கே பத்து வினாடி, இருபது வினாடி என்று நிறுத்தி வைப்பார்கள். கண்டியில் ஆற்றுநீர் ஆண்டு முழுவதும் இளஞ்சூடாகவே இருக்கிறது. இங்குள்ள மீன் சுறுசுறுப்பானது, ஆராயாது, பாயும். இரண்டு சுண்டல், ஒரு மூச்சளவு நிறுத்தம், மீண்டும் சுண்டல். அவ்வளவு போதும். அமெரிக்கக் கைந்நூல்களில் உள்ள வெப்பநிலை அட்டவணைகளை அவர் ரொறன்ரோவிலேயே விட்டுவிட்டு வரலாம்.

நுட்பமான ஒரு சங்கதியும் உண்டு. வெப்பநீர் குளிர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. பத்துப் பாகையிலிருந்து இருபத்தாறு பாகைக்கு வரும்போது நீரின் அடர்த்தி ஏறத்தாழ 0.3 சதவீதம் குறைகிறது. 15 கிராம் நிறையுள்ள இரைக்கு அது 0.04 கிராம் வேறுபாடு. அற்பமாகத் தோன்றும். ஆனால் சிம்கோவில் நடுநீரில் நின்ற இரை மகாவலியில் மெல்ல அமிழ்ந்து பாறையிடுக்கில் போய்ச் சிக்குவதற்கு அந்த அற்பமே போதும். ஃபுளோரோகார்பன் நூலும் அமிழும் இயல்புடையது. அது இரையை மேலும் கீழே இழுக்கும். எனவே இங்கே மெல்ல மேலெழும் வகையே உகந்தது.

மகாவலிக்காரன் வெப்பமானியைப் பார்ப்பதில்லை. நீரின் நிறத்தைப் பார்க்கிறான். ஜெர்க்பெயிற் கண்ணை ஏமாற்றும் இரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் மலைச்சரிவுகளின் மண் கரைந்து கங்கை பால் விட்ட தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கலங்கலில் எதை எறிந்தாலும் வீண். ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரைதான் தெளிவு. அவ்வகையில் வாசகர் நல்ல மாதத்தையே தேர்ந்திருக்கிறார்.

கங்கையின் மட்டம் மழையை மட்டும் கேட்டு ஏறியிறங்குவதில்லை என்பதையும் அவர் மனத்திற் கொள்ளவேண்டும். அவர் சிறுவனாய்க் குளித்த ஆறு இன்று வேறு. 1976 இல் போல்கொல்லையில் அணை எழுந்தது. அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக நீர் உக்குவளைக்குத் திருப்பப்பட்டது. 1985 இல் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிற்று. அணைகளுக்குக் கீழே பாறைமேல் நின்று எறிபவர் மதகை நினைவில் வைத்திருக்க வேண்டும். வானம் தெளிவாயிருக்கையிலும் நீர் வரும்.

மீன்களைச் சொல்கிறேன். மகாவலியில் பாஸ் இல்லை. பொய்யிரையைத் துரத்தக்கூடியவை இருவகை. ஒன்று மஹசீர், சிங்களத்தில் லெஹெல்லா என்பர். பெரிய செதில்களும் தடித்த உதடும் உள்ள கெண்டைக் குடும்பத்து மீன். கரைமரத்திலிருந்து விழும் பழத்தையும் தின்னும்; நத்தையையும் தின்னும்; சிறு மீனையும் விழுங்கும். வாயில் பல்லில்லை, தொண்டைக்குள் இருக்கிறது. நத்தையின் ஓட்டை நொறுக்கும் அந்தப் பற்கள் பாஸ் மீனுக்கென்று செய்த மெல்லிய மும்முள்ளையும் நெரித்துவிடும். கொளுக்கியை இரையோடு இணைக்கும் சிறு வளையங்கள் விரிந்து, மீன் இரும்போடு போய்விடும். தூண்டிற்காரனுக்கு நட்டம் ஓர் இரை. மீனுக்கு வாயில் தங்கிவிட்ட கொளுக்கி.

மற்றது விரால். சாதாரண விராலை எல்லாரும் அறிவர். மகாவலிப் படுகைக்கே உரிய பெருவிரால் ஒன்றும் உண்டு. சிங்களத்தில் ‘கங் ஆரா’. இதனை 1945 இல் முதன்முதலில் விவரித்தவர் தெரணியகல. உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இது. இந்த ஒரு சொற்றொடரை வாசகர் மறக்கக் கூடாது. நான்காவது கேள்வியின்போது தேவைப்படும்.

கருவி பற்றிக் கேட்டிருந்தார். ஆறரை அடிக்கு மேற்படாத கம்பு. மூங்கிற் புதர்கள் கவிந்த கரையில் நீண்ட கம்பு வீசமுடியாது. நுனி விரைவாகவும் அடி வலுவாகவும் இருக்கட்டும். 3000 அல்லது 4000 அளவுள்ள சுழல் றீல். 20 முதல் 30 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல். முனையில் இரண்டு பாகம் தடித்த தங்கூசி. பின்னல் நூல் நீளாது, சுண்டல் உடனே இரைக்குப் போகும். தங்கூசி பாறையில் உரசினாலும் தாங்கும். சிம்கோவுக்குப் போதுமான 8 இறாத்தல் நூலை இங்கே கொண்டுவருவது மீனுக்குச் செய்யும் தீங்கு. அறுந்தால் துன்பம் அதற்குத்தான். அறாவிட்டாலும், மெல்லிய நூலில் நெடுநேரம் களைக்கவைத்து எடுத்த மீன், திரும்ப விட்டபின் பிழைப்பது அரிது.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கொளுக்கி பற்றி. இரையிலுள்ள மும்முட்களைக் கழற்றிவிடுங்கள். வலுவான ஒற்றைமுள் இரண்டு போடுங்கள். முள்ளின் எதிர்ச்சிறகைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஆறு கூர்கள் இரண்டாகும். ஒற்றைமுட்கள் முந்தியவற்றைவிட இலேசானவையாய் இருந்தால் இரை மெல்ல மேலெழும்; நமது வெப்பநீருக்கு வேண்டியதும் அதுவே. கௌவிய மீன்களில் சில நழுவும் என்பது உண்மை. நழுவட்டும்.

ஏன் இத்தனை கரிசனம் என்று சிலர் கேட்கலாம். கண்டியில் இக்கேள்விக்கு வேறோர் இடத்தில் இல்லாத கனம் உண்டு. பசிக்காக மீன் பிடிப்பவனை இவ்வூர் பொறுத்துக்கொள்ளும். பொழுதுபோக்குக்காக மீனின் வாயைக் கிழிப்பவனை ஏற்காது. கண்டி வாவியில் தூண்டில் போட முடியாது. மக்கள் மீனுக்குப் பொரி போடுகிறார்கள். 1990 இல் அரசாங்கம் உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவையே நிறுத்திற்று. 1994 வரை அது மீளவில்லை. அந்த முடிவின் பின்னணியில் சமய உணர்வு இருந்தது. வலையை நம்பிய குடும்பங்கள் அதனால் பட்ட பாட்டை எண்ணி அம்முடிவை நான் ஏற்றுக்கொண்டவனல்லன். ஆனால் அதன் பின்னாலிருந்த உணர்வை எள்ளி நகையாடவும் மாட்டேன். ‘பிடித்து விட்டுவிடுகிறேனே’ என்ற விளையாட்டுத் தூண்டிற்காரரின் நியாயம் நிற்பதும் வீழ்வதும் கொளுக்கியைப் பொறுத்தது. ஆறு கூர்களை ஒரு கண்ணுக்குள்ளும் செவுளுக்குள்ளும் மாட்டி, குறட்டால் பிடுங்கி, படம் எடுத்து, நீரில் போட்டுவிட்டு ‘உயிரோடு விட்டேன்’ என்பவரைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் பேச எனக்கு எதுவுமில்லை.

விரால் விடயத்தில் இன்னொன்று. தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காத்துநிற்கும் மீன் அது. குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய் நீர்மேல் கொப்பளித்துக்கொண்டு திரியும். பெற்றவை கீழே நிற்கும். அக்கூட்டத்தின்மேல் பொய்யிரையை எறிந்தால் பெற்ற மீன் பாய்ந்து கௌவும். பசியினாலன்று, காவலினால். இலகுவான வழி என்பதால் இதனைத் திறமையாகக் கற்பிக்கிறார்கள். பெற்றவை கரையில் கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். கொப்பளிக்கும் நீரைக் கண்டால் இரையைச் சுற்றியெடுத்துக்கொண்டு அப்பால் நடந்துவிடுங்கள் என்றே மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது நான்காவது கேள்வி. வெளிமீனைக் கொண்டுவருவது நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைத் தோட்டத்துரைமார் தம் பொழுதுபோக்குக்காக நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரௌட் விட்டார்கள். 1952 இல் திலாப்பியா வந்தது. திலாப்பியாவை நான் குறைகூறத் தயங்குவேன். இந்நாட்டின் வறிய வீடுகளில் அது குழம்பாகியிருக்கிறது. பாஸ் அப்படியன்று. அது வேட்டைமீன். மீனையும் இறாலையும் தவளையையும் தின்று வளர்ந்து, வசதியுள்ளவரின் தூண்டிலுக்குக் காத்திருக்கும்.

யப்பானைப் பார்க்கலாம். 1925 இல் ஆஷி ஏரியில் அமெரிக்க பாஸ் விடப்பட்டது. அந்த ஓர் ஏரியோடு அது நிற்கவில்லை. பிற்காலத்தில், தூண்டில் மோகம் பரவப் பரவ, நாடெங்கும் நீர்நிலைகளில் அது தோன்றியது. பிவா என்ற தொன்மையான ஏரியில் அங்கேயே தோன்றிய மீன்கள் அருகின. 2003 இல் பிவா ஏரியில் பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவது தடைசெய்யப்பட்டது. 2005 இல் நாடு முழுவதற்குமான ஆக்கிரமிப்பு உயிரினச் சட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. 2009 இல் அதே பிவா ஏரியில்தான் 1932 ஆம் ஆண்டின் அமெரிக்க உலக சாதனைக்கு ஈடான, பத்துக் கிலோ நிறையுள்ள பாஸ் பிடிபட்டது. தூண்டிற்காரருக்கு அது கொண்டாட்டம். அந்தப் பத்துக் கிலோ எவற்றையெல்லாம் தின்று சேர்ந்த நிறை என்பதை நான் யோசிக்கிறேன். பாஸின் உறவான புளூகில் மீனை 1960 இல் அமெரிக்காவிலிருந்து பரிசாகப் பெற்றுவந்தவர் அப்போதைய பட்டத்திளவரசர் அகிஹித்தோ. அவரே மீனியல் அறிஞர். 2007 இல், பேரரசராக, பொதுமேடையில் அதற்காக வருந்தினார். அவ்வளவு அறிந்தவர் கையாலேயே அப்படி நேர்ந்ததென்றால், பிளாஸ்ரிக் பையில் நாலு குஞ்சு கொண்டுவருபவரைப் பற்றி என்ன சொல்வது?

நம் ஊரிலும் அடையாளங்கள் தெரிகின்றன. கடைசிக் கண்டியரசன், நாயக்கர் வம்சத்துக் கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வெட்டுவித்த வாவியில் அண்மை ஆண்டுகளில் முதலைமூஞ்சி அமெரிக்க ‘கார்’ மீன்கள் காணப்பட்டன. கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கருணையோடு வாவியில் விட்டிருப்பார்கள். தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அயல்நாட்டுப் பெருவிரால் பெருகி, 2025 இல் அதைப் பிடிக்கத் தூண்டிற் போட்டி நடத்தும் நிலை வந்தது. விக்டோரியாவில் ஒரு வேட்டைமீனை விட்டால் அது அங்கேயே நிற்காது. அணைக்குக் கீழே ரந்தெனிகல, ரந்தம்பை, பிறகு மகியங்கனைச் சமவெளி. கங் ஆராவின் குஞ்சுகள் வளரும் நீரெல்லாம் அதன் வழியில் இருக்கிறது.

உல்லாசப் பயணி பாஸ் பிடிக்க வேண்டுமென்றால் அவருக்குச் சிம்கோ இருக்கிறது. கண்டிக்கு வருபவர் கண்டியில் இருப்பதைத் தேடட்டும்.

அன்பர் வரும்போது இரண்டு செய்யவேண்டும். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலம் 1987 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கரையில் இறங்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் கேட்டு அறிந்துகொள்ளவேண்டும். சிம்கோவில் பாவித்த இரைகளையும் காலணிகளையும் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவரவேண்டும். ஓர் ஏரியின் நுண்ணுயிர் இன்னோர் ஆற்றுக்கு வருவது அந்த ஈரத்தில்தான். குறடு மறக்கவேண்டாம். ஒற்றைமுட்களை ரொறன்ரோவிலேயே வாங்கி வந்தால் நல்லது. வேண்டிய அளவில் இங்கே கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது.