சிறிய நாடு, நீளும் வீச்சு

டிஸ்க் கோல்ஃபில் பந்தும் மட்டையும் கிடையாது. கையால் வீசும் பிளாஸ்டிக் தட்டு, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கே வெற்றி. 1970களில் அமெரிக்காவில் உருப்பெற்ற இந்த ஆட்டம், ஏறத்தாழ 13 லட்சம் பேரே வாழும் எஸ்தோனியாவில் வேரூன்றியதற்கு நிலமே முதல் காரணம். நாட்டின் பாதியளவு காடு. கோல்ஃபுக்குப் பரந்த புல்வெளியை வளர்த்து, நீர் பாய்ச்சி, ஓயாமல் பராமரிக்க வேண்டும். இதற்கோ மரங்களுக்கு இடையே ஒரு பாதையும் சில கூடைகளும் போதும். அதனால் சிற்றூர்களாலும் களம் அமைக்க முடிந்தது. பல களங்களில் கட்டணமே இல்லை. ஆளுக்கொரு தட்டு இருந்தால் குடும்பமே ஆடலாம். இந்த ஆட்டத்தில் முன்பே ஊறிய பின்லாந்து, வளைகுடாவின் அக்கரையில் இருப்பதும் துணை செய்தது. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஸ்தோனிய வீராங்கனை கிரிஸ்டின் தத்தார் மகளிர் உலகப் பட்டம் வென்றது நாட்டுக்கே பெருமை. ஆயினும் வளர்ச்சியின் வேர் பட்டங்களில் இல்லை. எவரும் நுழையக்கூடிய பொதுக் களங்களில்தான் இருக்கிறது. ஆட்டக்காரர் பெருகப் பெருக மரப்பட்டைகள் காயப்படுகின்றன, மண் இறுகுகிறது. களங்களைக் கூட்டும் ஊராட்சிகள் காட்டைக் காக்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.