விற்கப் போய்ப் பாருங்க சார்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு வேன் நிற்கும். முன் கண்ணாடியில், 'மனை பார்வையிட இலவச வாகன வசதி' என்று எழுதி ஒட்டியிருக்கும். ஏறி உட்கார்ந்தால் இட்லிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், பளபளப்பாக ஒரு நோட்டீஸ். வண்டி மூன்றுமாவடியைத் தாண்டி அழகர்கோவில் ரோட்டில் வேகம் பிடித்ததும், டை கட்டிய தம்பி ஒருவர் எழுந்து நிற்பார்.

''இது சாதாரண ரோடு இல்ல சார்... அழகர் வர்ற ரோடு! கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடுங்க. அஞ்சே வருஷம், டபுள்!''

அழகர் வருவது நிஜம்தான். சித்திரைத் திருவிழாவுக்கு மலையிலிருந்து கிளம்பி, பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று மண்டகப்படி மண்டகப்படியாக இறங்கி, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு மதுரைக்குள் நுழைகிறார். ஆனால் அவர் வருவது வைகையில் இறங்க. உங்கள் மூணு சென்ட்டை வாங்க அவர் வரப்போவதில்லை. அப்படியானால் யார் வருவார்?

அந்த வேனில் யாரும் கேட்காத கேள்வி இதுதான். கிழக்குப் பார்த்த மனையா, தவணை உண்டா, பத்திரச் செலவு யாருடையது, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர்... எல்லாம் கேட்பார்கள். 'நாளைக்கு இதை நான் விற்க வந்தால் வாங்கப்போவது யார்?' என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கேட்டால் அபசகுனம் என்கிற மாதிரி!

நான் சொல்வது இதுதான். முதலீடு என்று நினைத்து முதன்முதலாக மனை பார்க்கப் போகிறவர், வாங்குபவராகப் போகவே கூடாது. விற்பவராகப் போக வேண்டும்.

எப்படி என்கிறீர்களா? வேன் வேண்டாம். பஸ்ஸிலோ உங்கள் டூ வீலரிலோ போங்கள். பகலில் அல்ல, ராத்திரி ஏழரை மணிக்கு. அதே ஏரியாவில் ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு விற்றுத் தீர்ந்த ஒரு நகரைத் தேடிப் பிடியுங்கள். நூறு மனையில் எத்தனை வீட்டில் லைட் எரிகிறது என்று எண்ணுங்கள். நாலு வீடு, மீதி முழுக்க சீமைக் கருவேலம் என்றால், மனை 'விற்றுத் தீர்ந்தது' என்பதற்கு அர்த்தம் புரிந்துவிடும். விற்றது புரோமோட்டருக்கு, தீர்ந்தது வாங்கியவருக்கு.

அங்கே வேலிக்கல்லில் 'மனை விற்பனைக்கு' என்று எழுதிய போன் நம்பர்கள் இருக்கும். கூப்பிடுங்கள். ''அண்ணே, எத்தனை மாசமா சொல்லி வெச்சிருக்கீங்க? கடைசியா வந்த ஆளு என்ன விலைக்குக் கேட்டாரு?'' இந்த இரண்டு கேள்வி போதும். பக்கத்துப் புது லேஅவுட்டில் புரோமோட்டர் சொல்லும் விலையையும் இந்த அண்ணனுக்கு வந்த விலையையும் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். நீங்கள் பத்திரம் போட்ட மறுநாளே தொலைக்கப்போகிற பணம் அதுதான்.

ஏன் அந்த வித்தியாசம்? ''மண்ணு புதுசா உற்பத்தி ஆகாது சார், அதான் விலை ஏறிக்கிட்டே போகும்'' என்பார்கள். மண் உற்பத்தி ஆகாது, சரி. மனை உற்பத்தி ஆகிறதே! ஒரு ஏக்கர் வயலை வாங்கி ரோடு, பூங்கா ஒதுக்கினது போக மூணு மூணு சென்ட்டாகக் கல் நட்டால் சுமார் இருபது மனை. 1895-ல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீரை நம்பி, கள்ளந்திரி வரை மட்டும் இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு விவசாயி களைத்துப்போகும்போதும் இருபது புது மனை சந்தைக்கு வருகிறது. அந்தப் புது மனையை விற்கிறவரிடம் வேன் இருக்கிறது, இட்லி இருக்கிறது, டை கட்டிய தம்பி இருக்கிறார். பழைய மனையை விற்கப்போகிற உங்களிடம் என்ன இருக்கிறது?

என் சொந்தத்தில் ஒரு அண்ணன். அரசு வேலை. 2011-ல் வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து, இந்தப் பக்கம் மனை வாங்கினார். ''பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு'' என்றார்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் 2017 தை மாசம். மனையை விற்றுத்தான் நகை போடுவதாகத் திட்டம். வாங்க ஒருத்தர் தயாராகக்கூட இருந்தார். பதிவு செய்ய வழியில்லை. அந்த மே மாசம்தான் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ள வழி பிறந்தது. கல்யாணம் அதற்காகக் காத்திருக்குமா? அண்ணி தன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். ''சொத்து இருக்கு, காசுதான் இல்ல'' என்று அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, விலை நிஜமாகவே டபுள் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். பி.காம் படித்த புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடாது. ஒரு பேச்சுக்குப் பத்து லட்ச ரூபாய் மனை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000. புரோக்கர், வக்கீல், பத்திர எழுத்தர் எல்லாம் சேர்த்து 30,000. அடக்கம் 11 லட்சத்து 20 ஆயிரம். பத்து வருஷம் கழித்து இருபது லட்சத்துக்கு விற்கிறீர்கள். புரோக்கருக்கு 40,000. லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி என்றால் ஒரு லட்சத்து ஐயாயிரம். கையில் நிற்பது பதினெட்டரை லட்சம். வருஷத்துக்கு எவ்வளவு வட்டி தெரியுமா? சுமார் 5 சதவீதம்! அதே பணம் 7 சதவீதக் கூட்டு வட்டியில் கிடந்தால், வரிக்கு முன்பு 22 லட்சம். இதற்குப் பெயர்தான் 'டபுள்'. 'அஞ்சே வருஷம்' என்பதில் ஐந்து வருஷம் தள்ளிப்போனால் கதை இவ்வளவுதான். நகைக்கடன் வாங்கிப் போட்டவர் கணக்கை நான் போடவில்லை; பாவம்.

''அப்படி இல்ல சார், இங்க பெரிய புராஜெக்ட் வருது'' என்பது அடுத்த அஸ்திரம். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் என்று 2018-ல் முடிவானது. 2019 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டுமான வேலை தொடங்கியது 2024 மார்ச்சில். நடுவில் ஐந்து வருஷம் அங்கே காம்பவுண்டு சுவர்தான். 'எய்ம்ஸ் அருகில்' என்ற நோட்டீஸை நம்பித் தவணை கட்டியவருக்கு அந்த ஐந்து வருஷ வட்டியை யார் தருவார்? அறிவிப்பு வாடகைக்கு வராது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ்தான் வருவார்.

அறிவிப்பு ஏற்றிவிடவும் செய்யும், இறக்கிவிடவும் செய்யும். அழகர்மலைக்குக் கிழக்கே, மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில், அந்த ஊரும் அடங்கிய வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று டெல்லியிலிருந்து செய்தி வந்தது. ஊரே திரண்டு போராடியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நல்லது. ஆனால் அந்த இரண்டரை மாசத்தில் மகன் காலேஜ் ஃபீஸுக்கு மனையை விற்கவேண்டியிருந்தால், யார் கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இதற்கும் தம்பி பதில் வைத்திருப்பார். ''விற்க நீங்க ஏன் சார் அலையணும்? நாங்களே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கிறோம்!'' இதைக் கேட்டதும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். நிலத்தின் பெயரால் நாடு முழுக்கப் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தை, 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2014-ல் செபி உத்தரவிட்டது. முதலீடு செய்தவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். மதுரையிலேயே, நிலத்தில் முதலீடு என்று சொல்லிப் பணம் வாங்கி ஏமாற்றியதாக நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது 2023-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. நிலம் நல்ல சரக்கு என்றால், அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒருவர் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்?

நம் ஊர் மட்டும் இப்படி என்று வெட்கப்பட வேண்டாம். 1925-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மனையைக் கண்ணால் பார்க்காமலேயே அட்வான்ஸ் ரசீதைக் கைமாற்றிக் கைமாற்றி விற்றார்கள். வாங்கிய பலரும் அடுத்தவனுக்கு விற்கத்தான் வாங்கினார்கள், குடியிருக்க அல்ல. 1926-ல் அடுத்தவன் வரவில்லை. அவ்வளவுதான்.

''எங்கப்பா அந்தக் காலத்துல கே.கே. நகர்ல வாங்கினது இன்னிக்குக் கோடியில நிக்குது சார்'' என்று யாராவது எழுதுவீர்கள். சந்தோஷம். அங்கே வீடு கட்டினார்கள், குடிவந்தார்கள், கடை வந்தது, பஸ் வந்தது. விலையை ஏற்றியது மண் அல்ல, மனுஷன். கூடவே, அதே வருஷம் வேறு பக்கம் வாங்கி, இன்றைக்கும் முள்ளுக்கு வேலி போட்டுக்கொண்டிருக்கிற உங்கள் பெரியப்பாவைப் பற்றியும் எழுதுங்கள். எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா உண்டு. கல்யாண வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

நான் மனையே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வீடு கட்டிக் குடிபோகப் போகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். நேர்மையான புரோமோட்டர்களும் இருக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கோயில் நிலமா, கண்மாய்ப் புறம்போக்கா என்று சர்வே நம்பரை வைத்து விசாரியுங்கள். வக்கீலை நீங்களே பிடியுங்கள். அவர்கள் காட்டுகிற வக்கீல் வேண்டாம். ஊர்ப் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏந்தல் என்றாலே ஏரி. பெயர் வைத்தவன் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்துதான் வைத்தான்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும், மறுபடி அந்த ஒற்றைக் கேள்விக்கு வாருங்கள். இதை என்னிடமிருந்து வாங்கப்போவது யார்? அவருக்குப் பெயர் வேண்டாம். ஒரு வேலை, ஒரு சம்பளம், இங்கே குடியிருக்க ஒரு காரணம், இந்த மூன்றையும் உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், அந்த ஆள் நீங்கள்தான். அவருக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நிற்கிறது.

கடைசியாக ஒரு யோசனை. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறார். அடைத்த கதவுக்கு முன்னால், படியில் நின்று பொய்ச் சத்தியம் செய்ய இந்தப் பக்கம் எவருக்கும் தைரியம் கிடையாது. கொடுக்கல் வாங்கல் தகராறெல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது. டை கட்டிய தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ''தம்பி, அஞ்சு வருஷத்துல டபுள்னு இங்க நின்னு ஒரு தடவை சொல்லிருங்க. இப்பவே அட்வான்ஸ் தர்றேன்'' என்று சொல்லுங்கள்.

தம்பிக்கு அன்றைக்கு வேறு வேலை வந்துவிடும், பாருங்கள்!