'குடும்பம்' என்று அழைக்கும் பிராண்டு: நத்திங் போனின் விளம்பரத்துக்கு உண்மையில் உழைப்பது யார்?

நத்திங் நிறுவனம் தன் முதல் ஸ்மார்ட்போனான போன் 1-ஐ 2022 ஜூலை 12 அன்று அறிமுகப்படுத்தியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ட்விட்டரில் 'டியர் நத்திங்' என்ற ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனது. ஒரு தெலுங்கு யூடியூபர் வெளியிட்ட வீடியோதான் காரணம். அதில் அவர் ஒரு பெட்டியைத் திறக்கிறார். உள்ளே போன் இல்லை. இந்தச் சாதனம் தென்னிந்தியர்களுக்கானது அல்ல என்று சொல்லும் ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது.

அந்தக் கடிதத்தை நத்திங் எழுதவில்லை. இந்தி, ஆங்கில யூடியூபர்களுக்கு ரிவியூ போன் போகிறது, தென்னிந்திய மொழிகளில் பேசுகிறவர்களைக் கண்டுகொள்வதில்லை என்ற கோபத்தில் கிண்டலாக எடுக்கப்பட்ட வீடியோ அது. ஆனால் கடிதம் நிஜம் என்று நம்பிப் பலர் பகிர்ந்தார்கள். 'நத்திங்கைப் புறக்கணிப்போம்' என்ற குரலும் கிளம்பியது. கடைசியில் நிறுவனமே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை, இந்தியாவில் விற்கும் போன் 1 தமிழ்நாட்டில்தான் தயாராகும் என்று அதற்கு முன்பே நிறுவனம் அறிவித்திருந்தது.

ரிவியூவுக்குப் போன் அனுப்பாத கம்பெனிகள் எத்தனையோ உண்டு. அப்படியிருக்க, முதல் போனையே அப்போதுதான் வெளியிட்ட ஒரு கம்பெனி மீது ஏன் இவ்வளவு கோபம்? அந்த பிராண்டு வளர்க்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் புரியும்.

காத்திருக்க வைக்கும் வித்தை

நத்திங்கின் நிறுவனர் கார்ல் பெய். 2013-இல் பீட் லாவுடன் சேர்ந்து ஒன்பிளஸைத் தொடங்கியவர். 2014-இல் வந்த முதல் ஒன்பிளஸ் போனை, கையில் காசு இருந்தாலும் உடனே வாங்கிவிட முடியாது. 'இன்வைட்' கிடைத்தால்தான் வாங்கலாம். பழைய போனை உடைத்து வீடியோ எடுத்துப் போட்டால், தேர்வாகும் 100 பேருக்கு 1 டாலருக்குப் புதுப் போன் என்றும் அறிவித்தார்கள். 'மச்சி, உனக்கு இன்வைட் இருக்கா?' என்ற கேள்வியே விளம்பரமாகிவிட்டது.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் போன்களைத் தயாரித்துக் குவித்தால், சின்ன கம்பெனி முழுகிவிடும். இன்வைட் முறையில் தேவை எவ்வளவு என்று முதலில் தெரிந்துவிடும், சரக்கு தேங்காது. ஸ்டாக் இல்லை என்ற பலவீனமே, 'எல்லோருக்கும் கிடைக்காது' என்ற பெருமையாக மாறிவிடும்.

2020 அக்டோபரில் ஒன்பிளஸை விட்டு விலகிய பெய், லண்டனில் நத்திங்கைத் தொடங்கினார். பழைய வித்தையும் கூடவே வந்தது. முதல் 100 போன்கள் ஆன்லைனில் ஏலம் போயின. போன் 1-க்கு இந்தியாவில் முன்பதிவு செய்ய இன்வைட்டோடு 2,000 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. அறிமுகத்துக்கு முன்பே பின்பக்கத் தோற்றம் ஒரு நாள், அதில் மின்னும் விளக்குகள் இன்னொரு நாள் என்று துண்டு துண்டாகக் காட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் யூடியூபர்களுக்கு ஒரு வீடியோ, ரசிகர்களுக்கு ஒரு விவாதம். சாம்சங், ஆப்பிள் அளவுக்கு விளம்பரத்துக்குச் செலவழிக்க முடியாத கம்பெனிக்கு, அந்த வேலையை மக்களே சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்தார்கள்.

கார்ல் 'பாய்'

அடுத்த உத்தி, நிறுவனரையே பிராண்டின் முகமாக்குவது. போட்டிக் கம்பெனிகளின் போன்களை பெய் தானே யூடியூபில் ரிவியூ செய்கிறார். 2024 பிப்ரவரியில், போன் 2ஏ வெளிவரும் நேரத்தில், எக்ஸ் தளத்தில் தன் பெயரை 'கார்ல் பாய்' என்று மாற்றிக்கொண்டார். இந்தியில் 'பாய்' என்றால் அண்ணன். ஒரு நிறுவனத்தின் தலைவர் அண்ணனாகிவிட்டால், வாடிக்கையாளர் தம்பியாகிவிடுகிறார். தம்பி விலைப்பட்டியலைப் பார்த்துப் பேரம் பேச மாட்டான்; அண்ணனுக்காக கமென்ட் பகுதியில் சண்டை போடுவான்.

அப்படியென்றால் இது ஏமாற்று வேலையா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. 2021-இல் ரசிகர்களிடமிருந்தே 15 லட்சம் டாலர் முதலீடு திரட்டியது நத்திங். 54 விநாடிகளில் அது முடிந்தது. இயக்குநர் குழுக் கூட்டத்தில் ரசிகர்கள் சார்பில் ஒரு பார்வையாளர் உட்காரவும் ஏற்பாடு செய்தது. 2024-இல் போன் 2ஏ-வின் சிறப்புப் பதிப்பு ஒன்றின் தோற்றம், வால்பேப்பர், பெட்டி, விளம்பரம் எல்லாவற்றையும் ரசிகர்களின் யோசனையிலிருந்து உருவாக்கி, 1,000 போன்களை மட்டும் வெளியிட்டது. வாடிக்கையாளர் குரலுக்கு இந்த அளவு இடம் தரும் போன் கம்பெனிகள் குறைவு.

ஆனாலும் பார்வையாளர் என்றால் பார்வையாளர்தான். அவர் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. எந்தப் போனுக்கு என்ன விலை, சாஃப்ட்வேரில் எதைச் சேர்ப்பது என்பதெல்லாம் கம்பெனியின் முடிவு. 'குடும்பம்' என்ற சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உறவு சொன்னால் உரிமையும் வரும்

2025 ஆகஸ்டில் ஒரு விஷயம் வெளியே வந்தது. கடைகளில் இருந்த போன் 3 டெமோ போன்களில், இந்தப் போனில் ரசிகர்கள் எடுத்தவை என்று காட்டப்பட்ட படங்கள், உண்மையில் வேறு கேமராக்களில் எடுக்கப்பட்டு விலைக்கு வாங்கப்பட்டவை. தற்காலிகமாக வைத்த படங்களை மாற்றாமல் விட்டுவிட்டோம் என்று இணை நிறுவனர் ஆகிஸ் எவாஞ்சலிடிஸ் விளக்கம் தந்தார். தவறுதலாகவே நடந்திருக்கட்டும். ஆனால் அங்கே பயன்பட்டது ரசிகர்களின் பெயர்.

இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. தேவையில்லாத ஆப்கள் இல்லாத, சுத்தமான சாஃப்ட்வேர் என்பதுதான் நத்திங்கின் பெருமையாக இருந்தது. அதே நிறுவனம், விலை குறைந்த போன்களின் லாக் ஸ்கிரீனில் வெளியார் உள்ளடக்கத்தைக் காட்டும் வசதியையும், முன்கூட்டியே நிறுவப்பட்ட சில ஆப்களையும் கொண்டுவருவதாக அறிவித்தது. போன் விற்பனையில் லாபம் குறைவு, வேறு வருமானம் தேவை என்பது நிறுவனம் சொன்ன காரணம். வியாபாரத்தில் அது நியாயமான காரணம்தான். ஆனாலும் பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 'நீங்களுமா?' என்ற வருத்தம், கடைக்காரரிடம் யாருக்கும் வராது. சொந்தக்காரரிடம்தான் வரும்.

'டியர் நத்திங்' கோபமும் இதே ரகம். கடிதம் பொய், அதை நம்ப வைத்த ஆதங்கம் பொய்யில்லை. 'நீயும் நம்மாளு' என்று சொல்லி அழைத்தவர்கள், பந்தியில் இலை போடும்போது சிலரை மட்டும் மறந்துவிட்டார்கள் என்ற உணர்வு அது. உறவைச் சொல்லி வியாபாரம் செய்கிற பிராண்டு, உறவுக்காரர்களின் கோபத்தையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

வாங்குகிறவர் கேட்க வேண்டியது

ஒரு பிராண்டைப் பிடித்துப்போவதில் தப்பே இல்லை. அதன் மீம்களைப் பகிர்வதும், புதுப் போனுக்காக ராத்திரி கண் விழிப்பதும் அவரவர் சந்தோஷம். ஆனால் அது உழைப்பும்கூட. ஒவ்வொரு ஷேருக்கும் கம்பெனியின் கணக்கில் ஒரு மதிப்பு இருக்கிறது.

அதனால் பதிலுக்குச் சிலவற்றைக் கேட்பது பேராசை ஆகாது. எத்தனை வருடம் அப்டேட் வரும்? திருநெல்வேலியில் போன் பழுதானால் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்? டிஸ்ப்ளே உடைந்தால் மாற்ற என்ன செலவு? புதிதாக வந்த ஆப்பை நிரந்தரமாக நீக்க முடியுமா? புகாரைத் தமிழில் சொன்னால் கேட்க ஆள் உண்டா?

நத்திங் மட்டுமல்ல, 'நம்ம குடும்பம்' என்று சொல்லிக்கொண்டு டைம்லைனுக்குள் வரும் எந்த பிராண்டிடமும் இதைக் கேட்கலாம். இதற்கெல்லாம் நேரான பதில் வந்தால், அப்புறம் தாராளமாக ஹேஷ்டேக் போடலாம்.