காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்கலாமா?

மல்டிபிள் மைலோமா என்னும் நோயின் பெயரை முதன்முறையாகக் கேட்கும் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புகின்றனர். இது குணமாகுமா, மருந்துக்கு எவ்வளவு செலவாகும் என்பன அவை. இரண்டும் நியாயமானவையே. ஆயினும் முதல் சில மாதங்களில் நோயாளியின் உயிருக்கு நேரும் உடனடி ஆபத்து, பல வேளைகளில், புற்றுநோயால் நேரடியாக வருவதன்று. அதனோடு சேர்ந்து வரும் தொற்றினால் விளைவது. இதுபற்றி வீட்டிலும் மருத்துவமனையிலும் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பதே எங்கள் கருத்து.

பிரிட்டனில் மருத்துவ ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட 3,107 மைலோமா நோயாளிகளைப் பற்றிய தொகுப்பொன்று 2005இல் வெளியாயிற்று. அவர்களுள் 10 விழுக்காட்டினர் முதல் 60 நாள்களுக்குள் இறந்திருந்தனர். அவ்விறப்புகளுள் 45 விழுக்காட்டிற்குப் பாக்டீரியத் தொற்றே காரணம். ஸ்வீடனில் 9,253 நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பிறரைக் காட்டிலும் இவர்களுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 7 மடங்கு என்றும், நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டில் அது 11 மடங்கு என்றும் கூறுகிறது. அந்நோயாளிகளின் காலத்திற்குப் பின்னர் மருந்துகள் பெரிதும் முன்னேறியுள்ளன. ஆயினும் தொடக்க மாதங்களின் அபாயம் நீங்கிவிடவில்லை.

இதன் காரணம் நோயின் இயல்பிலேயே உள்ளது. எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களே கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உற்பத்தி செய்கின்றன. மைலோமாவில் அச்செல்களுள் ஒரு வகை மட்டும் கட்டுப்பாடின்றிப் பெருகி, ஒரே வகைப் புரதத்தை அளவின்றிச் சுரக்கிறது. அப்புரதம் பாதுகாப்புக்கு உதவாது. உதவக்கூடிய மற்றவை குறைந்துபோகின்றன. ஆகவேதான், இரத்தப் பரிசோதனையில் புரதம் மிகுந்து காணப்படும் ஒருவரே கிருமிகளின் முன் நிராயுதபாணியாக நிற்கிறார். சிறுநீரகப் பாதிப்பும், முதுகெலும்பு வலியால் படுத்தே கிடப்பதும், முதுமையும் இந்நிலையை மேலும் மோசமாக்குகின்றன.

தொற்று பல வேளைகளில் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே வந்துவிடுகிறது. ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா வந்த பெரியவர் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்து, குணமானதும் வீட்டிற்கு அனுப்பிவிடுவது எளிது. ஆனால், "ஏன் மீண்டும் வந்தது?" என்ற வினாவைக் கேட்காமல் அனுப்புதல் கூடாது. அவருக்கு இரத்தச்சோகையும், ஆறாத முதுகுவலியும், கிரியாட்டினின் உயர்வும் இருப்பின் அவ்வினா இன்னும் அவசரமானது. வழக்கமான இரத்த அறிக்கையில் குளோபுலின் அளவு உயர்ந்திருந்தால் அதனையும் கவனித்தல் வேண்டும். எல்லா நோயாளிகளிடமும் அது உயர்வதில்லை. ஆயினும் உயர்ந்திருக்கும்போது அதைப் பாராமல் விடுவதற்கு நியாயமில்லை. பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் கோப்பிலிட்டு ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவது குடும்பத்தார் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி.

சிகிச்சை தொடங்கியபின் வேறொரு சிக்கல் எழுகிறது. மைலோமா மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன், எதிர்ப்பாற்றலைக் குறைப்பதோடு காய்ச்சலையும் மறைத்துவிடக்கூடும். எனவே 100.4 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் மட்டுமே எச்சரிக்கை ஆகாது. குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல், திடீர்ச் சோர்வு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும், நள்ளிரவாயினும், உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருப்பது ஆபத்தானது. தெருமுனைக் கிளினிக்கில் "ஓர் ஊசி" போட்டுக்கொள்வது அதனினும் ஆபத்தானது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் மைலோமா நோயாளியின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லவை.

அக்கியையும் இங்கே குறிப்பிட வேண்டும். போர்டெசோமிப் பெறுவோருக்கு அக்கி வரும் வாய்ப்பு மிகுதி. அதைத் தடுக்கவே அசைக்ளோவிர் மாத்திரை எழுதித் தரப்படுகிறது. "எதற்கென்று தெரியவில்லை" என்று அதனை நிறுத்திவிட வேண்டாம். உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கொப்புளங்கள் தோன்றினால், காவி குழைத்து அக்கி எழுதுவோரிடம் செல்வதில் நாள்களைக் கழிக்காமல் முதல் நாளே எங்களிடம் வாருங்கள்.

அப்படியாயின் எல்லோருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 977 பேருள் ஒரு சாராருக்கு லெவோஃப்ளாக்சசினும் மறு சாராருக்குப் போலி மாத்திரையும் 12 வாரங்கள் கொடுக்கப்பட்டன. காய்ச்சலோ இறப்போ நேர்ந்தவர்கள் முதற்சாராரில் 19 விழுக்காடு. மறுசாராரில் 27 விழுக்காடு. இப்பயன் சிறிதன்று. ஆயினும் நம் நாட்டிற்கு அதனை அப்படியே எடுத்துக்கொள்ள நாங்கள் தயங்குகிறோம். காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில், அந்நோய்க்கெதிராகவும் செயற்படும் இம்மருந்து, மறைந்திருக்கும் காசநோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தலாம்; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளையும் வளர்க்கலாம். ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் ஆராய்ந்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது இது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்க வேண்டியதன்று.

பழக்கொத்துடன் நோயாளியைக் காண வருவது நம்மவர் பண்பு. வராவிடில் மனத்தாங்கல் உண்டாகும் என்பதையும் அறிவோம். இருப்பினும் இருமலோ சளியோ உள்ள உறவினரை வாசலிலேயே நிறுத்துவது அவமதிப்பாகாது. அலைபேசியில் நலம் விசாரிப்பதும் அன்பே. நோயாளிக்கு நிமோகாக்கல், இன்ஃபுளுயன்சா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று கேளுங்கள். உடனிருப்போரும் இன்ஃபுளுயன்சா ஊசி போட்டுக்கொள்வது நோயாளிக்கே அரணாகும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை மட்டும் நோயாளிக்குப் போடலாகாது.

பொறுப்பு முழுவதையும் குடும்பத்தின் தோளில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. மைலோமா என்று சொல்லும் அதே நாளில், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. அச்சீட்டுடன் வருபவரைப் புறநோயாளி வரிசையில் நிற்க வைக்காமல் அவசரப் பிரிவுக்கு அனுப்புவதும் கடமையே. அச்சீட்டு உங்களிடம் இல்லையெனில், அடுத்த வருகையின்போது தயங்காமல் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.