தூரிகையின் விடுதலை

“இலக்கணம் கவிஞனுக்கு விலங்கு, பயிற்சி கலைஞனுக்குத் தளை, உள்ளம் பொங்கியவாறே கை செல்லுமாயின் அதுவே உயர்ந்த கலை” என்று கூறுவார் நம் மாணவ நண்பருட் பலர். இச் சஞ்சிகைக்குச் செய்யுள் விடுக்கும் இளைஞரும், தம் பாட்டில் சீரும் தளையும் வழுவியதைச் சுட்டுங்கால், இவ்விடையையே தருகின்றனர். நாமும் ஒரு காலத்தில் இக்கொள்கையினரே. எம் எண்ணத்தை மாற்றியது ஜப்பான் தேசத்து எழுத்தோவியக் கலைஞர் ஒருவரது வரலாறாதலின், அதனை ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

ஜப்பானியர் இக்கலையை ‘ஷோதோ’ என்பர். ‘எழுத்தின் நெறி’ என்பது அதன் பொருள். புகைக்கரியையும் மிருகப் பசையையும் சேர்த்து இறுக்கிய மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து, மயிர்த் தூரிகையால் காகிதத்தில் எழுதுவர். காகிதம் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும், அழித்தெழுதுதல் இயலாது. கை தயங்கிய இடத்தில் மை பரந்து தயக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். விரைந்த இடத்தில் மயிர்கள் பிரிந்து கோட்டினூடே வெண்மை தோன்றும். எழுதியவன் உள்ளநிலை முழுவதும் காண்போர் கண்முன் கிடக்கும். ஆகவே, கற்போன் முதலில் ‘கைஷோ’ என்னும் திருத்தமான எழுத்தைப் பயில்வான். பழைய ஆசிரியர் எழுத்துக்களை எதிரே வைத்து, கோடு கோடாகப் பார்த்தெழுதுவான். விரைந்தோடும் ‘சோஷோ’ எழுத்து அதன் பின்னரே அவனுக்குக் கைகூடும்.

நாம் கூறவந்த கலைஞர் இனோவே யூயிச்சி என்பார். இவர் 1916-ஆம் ஆண்டு தோக்கியோ நகரிற் பிறந்தவர். 1935-ஆம் ஆண்டு முதல் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயராக ஊழியஞ் செய்தவர். இளமையில் சித்திரக்காரராக விரும்பினார். அது நிறைவேறாமையால் எழுத்தோவியத்தின்பால் திரும்பி, உவேதா சோக்கியூ என்னும் பேராசிரியரை அடுத்துப் பல ஆண்டு பயின்றார். பகலிற் பிள்ளைகளுக்குப் பாடம், ஓய்ந்த வேளையிற் பழைய எழுத்துக்களைப் பார்த்தெழுதுதல் என்றவாறு அவர் நாட்கள் கழிந்தன.

1945-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் தோக்கியோவின்மீது நெருப்புக் குண்டுகளைப் பொழிந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் அவ்வொரே இரவில் மாண்டனர். இனோவே ஊழியஞ் செய்த யோக்கோகாவா பாடசாலையிற் புகலடைந்திருந்தோரும் திரள் திரளாக உயிர் நீத்தனர். அவரோ உணர்விழந்து கிடந்து, பின் உயிர் தெளிந்து எழுந்தார். இத்தகைய அனுபவம் உடையார் மறுநாளே அதனை எழுத்தில் கொட்டியிருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவர் அவ்வாறு செய்திலர். மீண்டும் பாடசாலைக்கும் பயிற்சிக்குமே திரும்பினார்.

ஆயினும், ஆசிரியர் காட்டிய அழகு ஒரு காலத்தில் அவருக்கு இறுக்கமாயிற்று. 1952-ஆம் ஆண்டு கியோத்தோ நகரில், மொரித்தா ஷிரியூ முதலிய நண்பருடன் கூடி ஐவராக ‘பொக்குஜின் கை’ என்னும் கழகத்தை நிறுவினார். ‘மை மாந்தர் கழகம்’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். 1955-ஆம் ஆண்டளவில் அவர் எழுத்தையே துறந்தார். பொருளற்ற கோடுகளை, மரபான மையையும் விடுத்து, பளபளக்கும் வர்ணப்பூச்சினால் தீட்டினார். நம் நண்பர் கூறும் விடுதலை இதுவேயன்றோ? விதியில்லை, வடிவில்லை, ஆசிரியரில்லை. எனினும், அவர் அங்கே நிலைக்கவில்லை. விரைவில் எழுத்துக்கே மீண்டார். 1956-இல் அவர் எழுதிய ‘குதெத்ஸு’ என்னும் ஈரெழுத்துப் படைப்பு, மறு ஆண்டு பிரேசில் தேசத்துச் சாவோ பாவுலோ நகரில் நிகழ்ந்த உலகக் கலைக் காட்சியில் வைக்கப்பட்டது. பேதைமையில் முற்ற நிற்றல் என்பது அதன் கருத்து.

அவர் மீண்டது ஏன்? எழுத்தென்னும் எல்லை நீங்கியபோது எதிர்த்து நிற்பதற்கு ஒன்றுமில்லை. எதிர்ப்பில்லாதவிடத்து வலிமையும் புலப்படாது என்பதே எம் கருத்து. ‘ஹின்’ என்னும் எழுத்தை அவர் பல்லாண்டு பன்முறை எழுதினார். அதற்கு ‘வறுமை’ என்பது பொருள். மேலே ‘பகுத்தல்’, கீழே, பண்டு நாணயமாக வழங்கிய ‘சிப்பி’: பகுக்கப் பகுக்கச் செல்வம் குன்றும் என்பதாம். பதினொரு கோடுகள், அவற்றுள் ஒன்று குறையினும் எழுத்து எழுத்தாகாது. ஆயினும் அவர் எழுதிய ஹின் ஒவ்வொன்றும் வேறு. ஒன்று கால் பரப்பி நடக்கும் மனிதனை ஒக்கும்; மற்றொன்று சுமை தாங்கிக் குனிந்து நிற்கும். பெரிய தூரிகையை மையில் தோய்த்து, தரையில் விரித்த காகிதத்தின்மேல் உடல் முழுவதாலும் எழுதினார். உள்ளம் ஒப்பாத தாள்களைக் கழித்தார்.

“குழந்தையும் இவ்வாறு கிறுக்குமே” என்பார் சிலர். குழந்தை ஒருமுறை கிறுக்கும். அக் கோடு நன்றோ தீதோ என அறியாது. பல தாள் எழுதி, அவற்றுள் இஃதொன்றே மெய் எனத் தெரிந்து, ஏனையவற்றைத் துணிந்து துறத்தற்குப் பயின்ற கண் வேண்டும். “அங்ஙனமாயின் பயின்றாரெல்லாரும் அவரைப்போல் ஆயினரோ?” என்று வினவலாம். இல்லை, அதனை ஒப்புகின்றோம். பயிற்சி கதவைத் திறக்கும். உட்புகுவதற்குச் சொல்லத் தக்கதொன்று உள்ளத்தில் இருத்தல் வேண்டும். ஆயின் சொல்லத் தக்கதை உடையவனும் கதவு மூடியிருக்குமாயின் வெளியிலேயே நிற்பான்.

இதற்குச் சான்று அவரது வாழ்விலேயே உண்டு. பாடசாலை ஊழியத்தினின்று 1976-இல் ஓய்வுபெற்ற அவர், 1978-ஆம் ஆண்டில், அத் தீயிரவுக்கு 33 ஆண்டு கழித்து, ‘ஆ, யோக்கோகாவா தேசியப் பாடசாலை’ என்னும் படைப்பை எழுதினார். அதில் ஓரிரு பேரெழுத்துக்கள் இல்லை. நெருங்கிய சிற்றெழுத்துக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவ்விரவின் கதையைக் கூறுகின்றன. கோடுகள் கோணுகின்றன, தடுமாறுகின்றன. கண்டோர் அவற்றைப் பிழையென்னார். நேராக எழுத அறிந்த கை கோணியதனாலன்றோ அக் கோணலுக்குப் பொருள் உண்டாயிற்று! நேராக எழுத அறியாத கையின் கோணலை யார் பொருட்படுத்துவர்?

1985-ஆம் ஆண்டில் அவர் காலமானார். வாழ்நாளிற் பெரும்பகுதியை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடையே கழித்த இவ் உபாத்தியாயர், நம் இளங்கவிகளுக்கும் ஒரு பாடம் விட்டுச் சென்றுள்ளார். யாப்பை மீறுதல் குற்றமன்று, கற்றபின் மீறுக. ஓர் இரவில் பிறந்த செய்யுளை மறுநாளே அச்சுக்கு அனுப்பற்க. பத்து எழுதி ஒன்பதைக் கிழித்து, எஞ்சிய ஒன்றை எமக்கு விடுக்க. அதில் தளை தட்டினும், தட்டியது அறியாமையாலோ, உள்ளத்தின் வேகத்தாலோ என்பதை முதல் வரியே எமக்குச் சொல்லிவிடும்.