அந்த வீக்கம் மருந்தால் வந்தது

அண்மையில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலையில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனைச் சுற்றி நின்றுகொண்டு, "பூசணிக்காய், பூசணிக்காய்" என்று சில பிள்ளைகள் கூவினார்கள். அவன் தட்டில் இருந்த மீகூனைத் தொடவே இல்லை. "சிறுநீரக நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். அதனால்தான் முகம் இப்படி. இனி மாத்திரையே வேண்டாம் என்று வீட்டில் அடம்பிடிக்கிறானாம்" என்றார் ஆசிரியை.

அந்தக் கேலியின் உண்மையான ஆபத்து அதுதான்.

சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறுவதை நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் இது தலைகாட்டும். காலையில் கண் இமைகள் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், கால்களும் வயிறும் உப்பும்.

இதற்கு முதல் மருந்து பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு. வழக்கமாக 4 முதல் 6 வாரங்களுக்குத் தினமும் கொடுத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எனக் குறைப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் 4 வாரங்களுக்குள்ளேயே புரதக் கசிவு நின்றுவிடும். நோய் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. ஆயினும் வளர வளரப் பலர் அதிலிருந்து விடுபடுகிறார்கள்.

ஸ்டீராய்டு என்றதும் சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். தசையை வளர்க்கச் சிலர் தவறாகப் பயன்படுத்தும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. இதிலும் பக்கவிளைவுகள் உண்டு. பசி கூடும், முகம் உருண்டையாகும், எரிச்சல் வரும். மருந்தைக் குறைக்கக் குறைய இவையும் குறையும். ஆனால், பல வாரங்கள் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் போதாமல் உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே நிறுத்துவதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோரே, பிள்ளையின் நோயை வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால் ஆசிரியர் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும். இம்மருந்து நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பதால் உங்கள் பிள்ளைக்கு அது கடுமையாகலாம்.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒரு நண்பனின் முகம் திடீரென உருண்டு தெரிந்தால், பட்டப்பெயர் சூட்டாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள். அவன் மாத்திரையை விடாமல் சாப்பிட அதுவும் ஒரு துணை.